ஊர்ப்பெயர் எல்லோருக்கும், வணிகக்குறி ஒருவருக்கே

ஈத்தாமொழி நெட்டைத் தென்னை, நாகர்கோவில் கோயில் நகை, கன்னியாகுமரி கிராம்பு ஆகியவற்றோடு 2023-ஆம் ஆண்டில் மட்டி வாழைப்பழமும் புவிசார் குறியீடு பெற்றுவிட்ட நிலையில், இப்பொருள்களை விற்கும் குமரி மாவட்ட வணிகர்கள், அக்குறியீடு தங்கள் கடைப்பெயரையும் காக்கும் என்று கருதிவிடக் கூடாது. கடைப்பெயரைக் காப்பது 'டிரேட் மார்க்' எனப்படும் வணிகக்குறி. இவ்விரண்டுக்குமான தனித்தனிச் சட்டங்கள் 1999-இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளன.

புவிசார் குறியீடு என்பது, மண்ணாலோ கைத்திறனாலோ ஒரு வட்டாரத்துப் பொருளுக்கு வாய்த்த தனித்தன்மைக்கான சட்ட அங்கீகாரம் ஆகும். அது அவ்வட்டார உற்பத்தியாளர்களின் பொதுவுரிமை என்பதால், தனியொருவர் அதனை விற்கவோ அடகு வைக்கவோ இயலாது. வடசேரியில் கோயில் நகை செய்யும் கைவினைஞர், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தம்மைப் பதிந்துகொண்டு அதனைப் பயன்படுத்தலாம்.

வணிகக்குறியோ ஒருவரின் சரக்கைப் பிறர் சரக்கிலிருந்து பிரித்துக்காட்டும் பெயர், சின்னம், எழுத்து வடிவம் போன்றவற்றின் மீதான தனியுரிமையாகும். பொருளின் தன்மையையோ பிறந்த இடத்தையோ மட்டும் சொல்லும் பெயரைப் பதிவு செய்ய, நெடுங்காலப் பயன்பாட்டால் அது தனி அடையாளம் பெற்றிருந்தாலொழிய, சட்டத்தின் 9-ஆம் பிரிவு இடம் தருவதில்லை. ஆகவே 'நாகர்கோவில் நேந்திரம் சிப்ஸ்' என்ற சொற்களை மட்டும் ஒருவர் தமதாக்கிக்கொள்வது கடினம். பொருளைப் புகழும் பொதுச்சொற்களின் நிலையும் இதுவே: 'மேஜிக் மசாலா' என்ற பெயருக்காக நெஸ்லே நிறுவனத்தின் மீது ஐ.டி.சி. தொடுத்த வழக்கில், அச்சொற்கள் வணிகத்தில் பொதுவானவை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது.

பதிவுக்கு முன், அதே பெயரோ ஒலியில் நெருங்கிய பெயரோ ஏற்கெனவே உள்ளதா என்று பதிவகத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்க வேண்டும். சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், சமையலுக்கான தேங்காய் எண்ணெய் 29-ஆம் வகுப்பிலும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 3-ஆம் வகுப்பிலும் அடங்கும். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் வகுப்பொன்றுக்கு இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய். அலுவலர் ஆய்வுக்குப் பின் குறி அரசின் வணிகக்குறி இதழில் வெளியாகி, நான்கு மாதங்களுக்குள் எதிர்ப்பு எழாவிட்டால் பதிவாகும். பதிவு பத்தாண்டுகள் செல்லும், பிறகு பத்துப் பத்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம்.

பதிவு செய்யாதவரும், தம் நற்பெயரைப் பிறர் தமதெனக் காட்டி விற்றால் வழக்குத் தொடரலாம். பதிவு பெற்றவருக்கு முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தி வருபவரின் உரிமையையும் 34-ஆம் பிரிவு காக்கிறது. எனினும், அந்நற்பெயரையும் முன்பயன்பாட்டையும் மெய்ப்பிக்கும் சுமை அவர் மீதே விழும் என்பதால், பழைய பில்களையும் விளம்பரங்களையும் உறைகளையும் தேதியோடு பாதுகாப்பது இன்றியமையாதது.

ஆகவே, மட்டிப்பழமோ கிராம்போ விற்பவர் புவிசார் குறியீட்டை ஊரின் சான்றாக உறையில் பொறிக்கட்டும். அதனருகே தமக்கெனப் புனைந்த பெயரொன்றையும் இட்டு, கடை வளர்ந்த பின் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல், தொடக்கத்திலேயே அதனைப் பதிவு செய்துகொள்ளட்டும்.