குளிர்காலப் பயணம்: குடும்பத்தோடு கொல்லிமலைக்கு



குறைஷிக் குலத்தாரின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் நினைவூட்டி, அவ்விரண்டையும் அவர்களுக்கு இணக்கமாக்கித் தந்த இறைவனை வணங்குமாறு பணிக்கும் சிறியதோர் அத்தியாயம் திருமறையில் உண்டு. மதரஸாவில் சேர்ந்த சில திங்களிலேயே நம் பிள்ளைகள் அதனை மனனம் செய்துவிடுகின்றனர். குளிர்காலத்தில் யமன் நாட்டிற்கும் கோடையில் ஷாம் தேசத்திற்கும் அவர்கள் வணிகக் கூட்டமாய்ச் சென்று வந்தனர் என்று விரிவுரையாளர்கள் விளக்குவர். பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைப் பாருங்கள் என்ற கருத்தையும் திருமறை வலியுறுத்துகின்றது. ஆயினும் பயணம் என்றால் ஹஜ்ஜும் உம்ராவும், அவை நீங்கினால் திருமண வீடும் மரண வீடும் என்ற அளவில் நம் வீட்டுப் பெண்களின் உலகம் சுருங்கிக் கிடப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்து டிசம்பர் இறுதியில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும், "எங்கேனும் அழைத்துச் செல்லுங்கள்" என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுவர். தொலைக்காட்சியில் வெண்பனி பொழியும் காட்சிகளைக் கண்டு, "அதைப்போல் ஓர் இடம்" என்பர். வெண்பனி பொழியும் இடம் தமிழகத்தில் எங்கும் இல்லை. உதகையில் சில அதிகாலைகளில் புல்லின்மீது உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும், அவ்வளவே. காஷ்மீருக்குச் செல்ல வசதி உள்ளோர் தாராளமாகச் செல்லட்டும். ஆனால், கடன் வாங்கிக்கொண்டு பனியைத் தேடி ஓட வேண்டியதில்லை. மூடுபனியும் நடுக்கும் குளிரும் போதுமென்றால் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை அருகிலேயே இருக்கின்றது.

மெய்யான பனிநாட்டில் பயணம் செய்வது எத்தகையது என்பதை அறிய விரும்புவோர் இப்னு பதூதாவின் பயண நூலைப் பார்க்கலாம். பிற்காலத்தில் நம் மதுரை வரை வந்தவரல்லவா அவர்! 14ஆம் நூற்றாண்டில், கான்ஸ்டான்டிநோபிள் என்னும் மாநகரைவிட்டுக் கடுங்குளிர்காலத்தில் புறப்பட்டு, வோல்கா நதிக்கரையை நோக்கிப் பனிவெளியில் சென்றார். மூன்று உரோம அங்கிகளையும் இரண்டு கால்சட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று காலணிகளையும் அணிந்திருந்தமையால், குதிரையின்மீது தாமாக ஏற இயலாது பிறர் தூக்கிவிட வேண்டியிருந்தது. நெருப்பின் அருகில் அமர்ந்து வெந்நீரால் உளூச் செய்தும், முகம் கழுவிய நீர் தாடியில் இறங்கி உறைந்துபோயிற்று. உதறினால் பனித்துகளாய் உதிர்ந்தது. அந்நிலையிலும் அவர் உளூவை விட்டுவிடவில்லை. கொல்லிமலையின் குளிரைக் காரணம் காட்டி ஃபஜ்ரைத் தவறவிடும் நம் இளைஞர்கள் இதனைக் கேட்க வேண்டும்.

நம் பயணத்திலும் மாநகர் ஒன்று உண்டு. வடக்கிலிருந்து வருவோர் சேலத்தைக் கடந்துதான் வருவர். 1994இல் மாநகராட்சியான சேலத்தை இரும்பு உருக்காலை, மாம்பழம் ஆகியவற்றின் பெயரால் அறிவோம். மலையேறுமுன் அங்கே நினைவில் கொள்ளத்தக்க பொருள் மற்றொன்று, அது ஜவ்வரிசி. நம் வீட்டுப் பாயசத்தில் மிதக்கும் அந்த வெள்ளை மணி மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்து உருவாவது. இரண்டாம் உலகப் போரின்போது கடல் கடந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோகவே, சேலத்து வணிகர் சிலர் இங்கேயே செய்யத் தலைப்பட்டனர். இன்று சேலத்திலும் நாமக்கல்லிலும் அத்தொழில் பல்கிப் பெருகி, 1981இல் தொடங்கிய 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே நாடெங்கும் விற்பனையாகின்றது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இச்செய்தியை மலையுச்சிக்குச் சென்றதும் மீண்டும் நினைவுகூர்வோம்.

சேலத்திலிருந்து இராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாகவோ, நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகவோ காரவள்ளி என்னும் அடிவாரத்தை அடையலாம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதப்பட்டிருப்பதால் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவர். முப்பதைத் தாண்டியதும் எண்ணுகின்ற குரல்கள் ஓய்ந்து, வாந்தி எடுப்பதற்குப் பை கேட்கும் குரல்கள் எழும். ஆதலால் வயிறு நிறைய உண்டுவிட்டு ஏறாதீர்கள். மலைப்பாதையில் மேலேறும் வாகனத்திற்கே முதலிடம். இறங்குகின்ற வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது விதி. மார்கழிக் காலையில் மூடுபனி இறங்கினால் அடுத்த வளைவே தெரியாது. வெயில் ஏறியபின் புறப்பட்டு, இருட்டுமுன் இறங்கிவிடும்படியோ, மேலேயே இரவு தங்கும்படியோ திட்டமிடுங்கள்.

கடல்மட்டத்திற்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் அம்மலையில் பலாவும் வாழையும் அன்னாசியும் காபியும் மிளகும் விளைகின்றன. செம்மேடு அதன் தலைமையூர். அங்கே வல்வில் ஓரியின் சிலை உள்ளது. ஒரே அம்பினால் யானை முதல் உடும்பு ஈறாக ஐந்து விலங்குகளைத் துளைத்தவன் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடிய வள்ளல் இவனே. பிள்ளைகளின் பாடநூலில் உள்ள பெயர் கண்முன் நிற்பதைக் காட்டுங்கள்.

தொழுகையைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. சுற்றுலா என்றதும் பெரும்பாலோர் முதலில் விடுவது அதைத்தான். நாமக்கல்லிலிருந்து மலையுச்சி சுமார் 55 கிலோமீட்டர். ஹனஃபி மத்ஹபில் கஸ்ருக்குரிய தொலைவு 48 மைல், அதாவது ஏறத்தாழ 77 கிலோமீட்டர். ஷாஃபிஈ மத்ஹபில் அதனினும் சற்றுக் கூடுதல். ஆகவே, நாமக்கல்லில் வசிப்போர் கொல்லிமலைக்கு ஏறியதால் மட்டும் முஸாபிர் ஆகிவிட மாட்டார்கள். நான்கு ரக்அத்தும் நான்காகவே தொழ வேண்டும். சென்னை, திருச்சி, மதுரையிலிருந்து வருவோர் ஐயமின்றி முஸாபிர்களே. சேலத்தார் செல்லும் வழியைப் பொறுத்துத் தொலைவு எல்லைக்கோட்டில் நிற்பதால், வண்டியில் ஏறுமுன் தம் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்வது நலம். லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழும் சலுகை ஷாஃபிஈகளான முஸாபிர்களுக்கு உண்டு. ஹனஃபிகளுக்கு அஃது ஹஜ்ஜின்போது மட்டுமே.

டிசம்பர் இறுதியில் மாலை 6 மணியளவில் சூரியன் மறைந்துவிடும். மலைச்சரிவிலோ அதற்கு முன்பே இருண்டுவிடும். ஆதலால் அஸரை 'இன்னும் நேரம் இருக்கிறது' என்று தள்ளாதீர்கள். மூடுபனியில் சூரியன் தெரியாதபோது கிப்லாவை அறியத் திசைகாட்டி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பகுதியில் கிப்லா நேர் மேற்கு அன்று. மேற்கிலிருந்து சற்றே வடக்கே சாய்ந்தது.

குளிர்ந்த நீருக்கு அஞ்சித் தயம்மும் செய்யலாமா என்று ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் கேட்கின்றனர். தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது கடுங்குளிர் இரவொன்றில் குளிப்புக் கடமையான அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், குளித்தால் உயிருக்கே ஆபத்து என அஞ்சித் தயம்மும் செய்து தொழுவித்தார்கள். அதனைக் கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் புன்னகைத்தார்களேயன்றிக் கண்டிக்கவில்லை. ஆனால், அஃது ஆபத்துக்குரிய சலுகை. தேநீர் போட அடுப்பு மூட்டும் நமக்கு, உளூச் செய்ய ஒரு செம்பு நீரைச் சுடவைக்க முடியாதா? முழுமையான உளூவோடு தோல் காலுறை அணிந்தோர், ஊரில் இருப்பவராயின் ஒரு பகலும் ஓர் இரவும், முஸாபிராயின் மூன்று பகலும் மூன்று இரவும் அதன்மீது மஸ்ஹு செய்யலாம். அன்றாடம் அணியும் மெல்லிய நூல், நைலான் உறைகளுக்கு இச்சலுகை இரு மத்ஹபுகளிலும் இல்லை.

இனிச் சொல்லப்போவது ஆண்களுக்கு. மலையில் வேன்கள் நிற்கும் இடங்களில் நம்மவர் குடும்பங்களையும் கண்டிருக்கின்றேன். ஆண்கள் மஃப்ளர் சுற்றிக்கொண்டு காட்சி பார்க்கச் சென்றுவிடுவர். வேனின் பின்புறம், புகையும் அடுப்பருகே, பிரியாணி தேக்சாவின் முன் பெண்கள் குந்தியிருப்பர். பாத்திரம் கழுவி முடிக்கும்போது, "நேரமாயிற்று, ஏறுங்கள்" என்று குரல் வரும். வீட்டு அடுப்படியை 70 வளைவுகளுக்கு மேலே தூக்கிவந்து வைத்ததல்லாது அவர்கள் கண்ட பயணம் யாது? அருமை நாயகம் (ஸல்) அவர்கள் பயணம் புறப்படுகையில் தம் துணைவியரிடையே சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவரை உடன் அழைத்துச் செல்வார்கள். ஒரு பயணத்தில் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள், அன்னையார் வென்றார்கள். ஆண்டுகள் சில கழிந்து அன்னையாரின் உடல் சற்றுப் பருத்திருந்தபோது மீண்டும் ஓடி, நாயகம் (ஸல்) அவர்கள் வென்று, இது அதற்கு ஈடு என்று கூறிச் சிரித்தார்கள். இதனை மிம்பரில் சொல்லிச் சிலிர்க்கும் நாம், மனைவியோடு நூறு அடி நடந்து ஒரு பள்ளத்தாக்கைப் பார்க்கவும் கூச்சப்படுகின்றோம்.

ஆகவே, புளிச்சோறும் நாமக்கல் முட்டையை அவித்ததும் போதும். ஒரு நாள் பிரியாணி இல்லாவிடில் எவரும் இளைத்துவிடப் போவதில்லை. வீட்டு முதியவர்களையும் அழைத்து வாருங்கள். ஆனால் ஆகாயகங்கை அருவிக்கு இறங்கச் சொல்லாதீர்கள். சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு வீழும் அவ்விடத்திற்கு, அறப்பளீசுவரர் கோயில் அருகிலிருந்து ஆயிரத்திற்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கியவர் அத்தனையும் ஏறியாக வேண்டும் என்பதே சிக்கல். இதய நோயாளரும் மூட்டுவலி உள்ளோரும் சீக்குப்பாறைக் காட்சிமுனையில் கம்பளியோடு அமர்ந்திருக்கட்டும். விடுமுறையில் அருவியடியில் கூட்டம் நெருக்கியடிக்குமாதலால், நம் பெண்கள் குளிப்பதற்கு அஃது ஏற்றதன்று; பார்ப்பதற்கு என்ன தடை? கோயிலைக் கடக்கையில் கூச்சலும் கேலியும் இன்றிச் செல்க. அது பிறருடைய வணக்கத்தலம்.

அம்மலை நமக்குச் சுற்றுலா இடம். மலையாளிப் பழங்குடியினருக்கு வீடு. இப்பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என எண்ணிவிடாதீர்கள். மலையை ஆள்வோர் என்பது பொருள். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்தனர் என்பது அவர்களுடைய மரபுக்கதை. வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று 'நாடு'களாகப் பிரிந்து வாழ்கின்றனர். சாமையும் தினையும் கேழ்வரகுமே அவர்களது உணவாக இருந்தன. பின்னர் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவியது. கைக்குப் பணம் வந்தது. நியாயவிலைக் கடை அரிசியும் வந்தது. சிறுதானிய வயல்கள் வெகுவாகச் சுருங்கின. நம் பாயசத்திற்கும் அவ்வயல்களுக்கும் உள்ள தொடர்பு இதுவே.

மரவள்ளி நல்ல விலை தந்தது மட்டும் காரணமன்று. சாமையின் கடின உமியை உரலிலிட்டுக் குத்தி நீக்கும் பாடு முழுவதும் பெண்களின் தோள்மீது விழுந்தது. அப்பாட்டிலிருந்து விடுபட அவர்கள் விரும்பியதில் வியப்பென்ன? எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1990களிலிருந்து அங்கே பணியாற்றி, உமி நீக்கும் பொறிகளை ஊர்களில் அமைக்க உதவியபின், சிறுதானியத்திற்குச் சிறிதேனும் மறுவாழ்வு கிடைத்தது. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்ததும் நினைவிருக்கும்.

எனவே, திரும்பும்போது சோளக்காட்டுச் சந்தையில் வண்டியை நிறுத்துங்கள். மிளகும் மலைவாழையும் வாங்குகையில் மலைப் பெண்களிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பைகளுக்குத் தமிழகத்தில் தடை உள்ளதால், துணிப்பை கொண்டு செல்லுங்கள். கிடைத்தால் தீட்டிய சாமை இரண்டு கிலோ வாங்கிவந்து காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ரமழானில் நொய்யரிசிக்குப் பதிலாக அதனைப் போட்டு, வெந்தயமும் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் வழக்கம்போல் சேர்த்து நோன்புக் கஞ்சி காய்ச்சலாம். சாமை விரைவில் குழையும். அடிபிடிக்காமல் கிண்டிவிடும் வேலையை அன்று ஆண்களிடம் கொடுங்கள்.