மூன்று டால்ஸ்டாய்களும் இரண்டு பாரதிகளும்

ஓர் ஆசிரியரின் நூல்களெல்லாம் நூலகப் பட்டியலில் ஓரிடத்தில் சேர வேண்டும். இருவருடைய நூல்கள் ஒரே பெயரின் கீழ் கலந்துவிடக் கூடாது. இந்த இரண்டையும் ஒருசேரக் காப்பது புதுச்சேரியில் எளிதல்ல.

1908 முதல் 1918 வரை இங்கே வாழ்ந்தவர் சுப்பிரமணிய பாரதி (1882–1921). அரவிந்தர் ஆசிரமத்தில் நெடுங்காலம் இருந்தவர் கவியோகி சுத்தானந்த பாரதி (1897–1990). சுருக்கினால் இருவருமே ‘சு. பாரதி’. இயற்பெயரைப் பார்த்துப் பிரிக்கலாம் என்றால், சுத்தானந்தரின் இயற்பெயர் வேங்கட சுப்பிரமணியம்! இந்த ஊரிலேயே பிறந்த கனக சுப்புரத்தினம் (1891–1964) பாரதிதாசன் ஆனார். அவர்மேல் கொண்ட பற்றால் இராசகோபாலன் என்பவர் சுப்புரத்தினதாசன் ஆகி, சுரதா என்று சுருங்கினார். தமிழ்ப் பெயர்களில் தலைமுறை தலைமுறையாக ஓடும் இந்த அன்புதான் பட்டியல் எழுதுபவரைத் திணறடிக்கிறது.

ரஷ்ய எழுத்தாளர்களிடமும் இதே சிக்கல் உண்டு. ‘போரும் அமைதியும்’ எழுதியவர் லெவ் நிக்கொலாயெவிச் டால்ஸ்டாய் (1828–1910). அலெக்சேய் டால்ஸ்டாய் என்ற பெயரிலோ இருவர்: கான்ஸ்தந்தீனொவிச் (1817–1875), நிக்கொலாயெவிச் (1883–1945). நடுவில் வருவது தந்தை பெயர். அதை விட்டு ‘அ. டால்ஸ்டாய்’ என்று எழுதினால் அலெக்சேய்கள் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். அதை மட்டுமே நம்பினாலோ லெவும் இளைய அலெக்சேயும் அண்ணன் தம்பி போலத் தோன்றுவார்கள்.

புதுச்சேரியில் 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் போல, ஆங்கில நூலும் பிரெஞ்சு நூலும் அருகருகே இருக்கும் இடங்களில் எழுத்துக்கூட்டலும் சேர்ந்துகொள்கிறது. ரஷ்ய எழுத்தாளர் செகாவ் ஆங்கிலத்தில் ‘சி’ எழுத்திலும் பிரெஞ்சில் ‘டி’ எழுத்திலும் தொடங்குகிறார். ஒரே ஆள் இரண்டாகப் பிரிந்து, இரண்டு இழுப்பறைகளில் கிடப்பார்.

நூலகர்கள் இதற்குக் கண்ட வழி, ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப்பதிவு. பல வடிவங்களில் ஒன்றைத் தலைப்பாக நிலைநிறுத்தி, பிறப்பு, இறப்பு ஆண்டுகளைச் சேர்ப்பார்கள். மற்ற வடிவங்களிலிருந்து ‘காண்க’ என்று அங்கே வழிகாட்டுவார்கள். ‘கனக சுப்புரத்தினம்: பாரதிதாசன், 1891–1964 காண்க’ என்பது போல. பல நாட்டு தேசிய நூலகங்களின் இத்தகைய பதிவுகளை வியாஃப் என்னும் இணையத் தொகுப்பு ஒன்றோடொன்று இணைக்கிறது. அங்கே ஆளை அடையாளம் காட்டுவது ஓர் எண். எனவே எந்த மொழியின் எழுத்துக்கூட்டலில் தேடினாலும் அதே செகாவிடம் போய்ச் சேரலாம்.

பிறந்த ஆண்டு தெரியாத உள்ளூர்க் கவிஞருக்கு ஊர், தொழில், எழுதிய துறை ஆகியவற்றில் ஒன்றைப் பெயரோடு சேர்த்துப் பிரித்துக் காட்டுவார்கள். அது பல நேரங்களில் நூலின் உள்ளேயே கிடைக்கும். ஆகவே முன்னுரையையும் பதிப்பகக் குறிப்பையும் படிக்காமல், அட்டையை மட்டும் பார்த்து யாருடைய பதிவையும் எழுதக் கூடாது.