துரு ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம்

சேலம் கஞ்சமலையில் வரிவரியாகக் கிடக்கும் இரும்புப் பாறைகளைச் சென்ற வாரம் பார்த்தோம். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை காற்றில் ஆக்சிஜன் கிடையாது என்கிறார்கள். அப்படியானால், அதற்கும் முன்பே கடலில் கரைந்திருந்த இரும்பு எப்படித் துருப்பிடித்து, அடியில் படிந்து, இப்படிப் பாறையானது? இந்தக் கேள்வியோடு கிளம்பிய விஞ்ஞானிகளில் சிலர் போய்ச் சேர்ந்த இடம், ஓர் ஏரி.

இந்தோனேசியாவின் சுலவேசி தீவில் இருக்கிறது மதானோ. கரையில் நிக்கல் சுரங்கம், மேல்நீரில் உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள். ஆழம் சுமார் 590 மீட்டர். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால், மேல்நீரைக் குளிரவைத்து அடிக்கு அனுப்பும் பனிக்காலம் இங்கே வருவதில்லை. ஆகவே, மேலே கரையும் ஆக்சிஜன் அடிவரை போய்ச் சேருவதில்லை. 100 மீட்டரைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கினால் ஆக்சிஜன் அற்றுப்போகிறது. கரைந்த இரும்பு ஏறுகிறது. சல்பேட் மிக மிகக் குறைவு. பழங்கடலின் ரசாயனமும் ஏறக்குறைய இதுதான்.

அந்த எல்லையில், மங்கிய வெளிச்சத்தில், ஒருவகைப் பச்சை பாக்டீரியா பிழைக்கிறது. இதன் உறவினர்கள் பொதுவாகக் கந்தகச் சேர்மங்களை நம்பி வாழ்பவை. இங்கே அதற்கு வழியில்லை. இரும்பைக் கொண்டே ஒளிச்சேர்க்கை நடத்துகிறது என்று ஷான் குரோ, டொனால்ட் கான்ஃபீல்ட் உள்ளிட்ட குழு 2008இல் எழுதியது. கரியமில வாயு உடலாகும், இரும்பு துருவாகும், ஆக்சிஜன் தேவையே இல்லை.

இங்கே ஒரு சிக்கல். துருவும் உடலும் சேர்ந்தே உண்டாயிருந்தால், இரண்டும் சேர்ந்தே அடியில் படிந்திருக்க வேண்டும். பழைய இரும்புப் பாறைகளிலோ கரிமம் சொற்பம். அது எங்கே போனது?

மதானோ பாதி விடை தருகிறது. துரு தாராளமாகக் கிடைக்கும் சேற்றில், நுண்ணுயிர்கள் அதைப் பயன்படுத்தித்தான் கரிமத்தைச் சிதைக்க வேண்டும். அதில்தான் அவற்றுக்கு ஆதாயம் அதிகம், மீத்தேனுக்கு அங்கே வேலையில்லை என்பது பாடநூல் கணக்கு. ஏரி அந்தக் கணக்கைப் பொருட்படுத்தவில்லை. ஏரியிலேயே உருவாகிச் சிதையும் கரிமத்தில் பாதிக்கு மேல் மீத்தேனாகிறது என்று 2011 ஆய்வு காட்டியது. ஆக்சிஜனற்ற நீரில் தேங்கியிருக்கும் மீத்தேன் மட்டும் 7.4 லட்சம் டன்!

மீதி விடை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கிவு ஏரியின் காங்கோ பக்கத்து மூலையான கபுனோ விரிகுடாவில் இப்படி இரும்பை உண்ணும் பாக்டீரியாவைப் பிடித்து, ஆய்வகத்தில் வளர்த்தார்கள். தான் உண்டாக்கும் துரு தன் உடலில் ஒட்டாதபடி அது விலக்கிவிடுகிறது என்று 2019இல் தெரிந்தது. ஆக, துரு ஓரிடத்தில் படிந்து பாறையாகலாம். பிரிந்த உடல்கள் வேறிடத்துச் சேற்றில் மீத்தேனாகலாம். அன்றைய சூரியன் இன்றைவிட ஏறக்குறைய கால்பங்கு மங்கல். பூமி உறையாமல் தப்பியதில் இந்த மீத்தேனுக்கும் பங்கிருக்கலாம்.

ஏரியைக் கடலென்று முழுதாக நம்பிவிடக் கூடாது. மதானோவில் காட்டு இலைகள் விழுகின்றன; அன்று மரமே இல்லை. மதானோவின் மீத்தேன் காற்றை எட்டுமுன், அதில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. மேல்நீரின் ஆக்சிஜன் அதற்குத் துணை. பழங்கடலில் அந்தத் தடுப்பு மிகக் குறைவு. வளிமண்டலத்துக்கு எவ்வளவு போயிருக்கும் என்ற கணக்கில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

அடுத்த வாரம், ஏரியடி மீத்தேனை உறிஞ்சி மின்சாரம் எடுக்கும் ருவாண்டாவுக்குப் போகலாம்.