கணினித் தொடக்க நிரலில் தீய மாற்றங்களைக் கண்டறிதல்

முன்னுரை

மறைகுறியாக்கப்பட்ட வன்தட்டில் உள்ள தரவு பிறர் கைக்கு எட்டாது என்பது பொதுவான நம்பிக்கை. ஆயினும், கடவுச்சொல்லைக் கேட்டுப் பெறும் தொடக்க நிரல் பெரும்பாலும் மறைகுறியாக்கம் இன்றியே இருக்கும். அதனை மாற்றிவிட்டவர் பூட்டை உடைக்க வேண்டியதில்லை; உரியவரே திறவுகோலைக் கொடுத்துவிடுவார். விடுதி அறையில் விட்டுச்சென்ற மடிக்கணினிக்கு இவ்வாறு நேரலாம் என்பதால், போலந்து நாட்டுப் பாதுகாப்பு ஆய்வாளர் யோவான்னா ருட்கோவ்ஸ்கா 2009இல் இதற்குத் 'தீய பணிப்பெண் தாக்குதல்' எனப் பெயரிட்டார். ட்ரூகிரிப்ட் மென்பொருளைக் கொண்டு இது இயலும் என்றும் மெய்ப்பித்தார்.

அளவிடலும் பதிதலும்

மாற்றப்பட்ட நிரலிடமே அதன் நேர்மையை வினவுவதில் பயனில்லை. எனவே, தொடக்கத்தின் ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்தை இயக்கும் முன்னரே, விரல்ரேகை போன்ற ஒரு சுருக்க எண்ணை அதற்குக் கணித்து, டிபிஎம் எனும் பாதுகாப்புச் சில்லுக்கு அளிக்கிறது. அச்சில்லின் பதிவகத்தில் விரும்பிய எண்ணை நேரடியாக எழுத இயலாது. பழைய மதிப்பும் புதிய அளவீடும் இணைத்துச் சுருக்கப்பட்டு, அம்முடிவே அங்கு நிலைபெறும். ஆகவே பின்னர் இயங்கும் தீய நிரல் தன் தடத்தை அழிக்க முடியாது. அளவீடுகள் முன்போலவே அமைந்தால் மட்டும் வெளிப்படுமாறு ஒரு மறைபொருளை இச்சில்லின் துணையால் முத்திரையிடலாம்.

பயனருக்குரிய சான்று

ருட்கோவ்ஸ்கா 2011இல் வெளியிட்ட முறையில், பயனர் மட்டுமே அறிந்த வாக்கியம் ஒன்று திரையில் தோன்றும்; அதன் பின்னரே அவர் கடவுச்சொல்லை இடுவார். எனினும், அவ்வாக்கியத்தை ஒருமுறை கண்டுவிட்ட எதிரி அதனைப் போலித் திரையிலும் காட்டக்கூடும். மேத்யூ காரெட் 2015இல் உருவாக்கிய முறை இக்குறையை நீக்க முயன்றது. அதில் முத்திரையிட்ட மறைபொருளிலிருந்து 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறிலக்க எண் பிறக்கிறது. கணினித் திரையில் தோன்றும் எண்ணும் பயனரின் கைப்பேசியில் தோன்றும் எண்ணும் ஒத்திருத்தல் வேண்டும். நேற்றைய எண்ணைக் கண்டவருக்கு இன்று அது பயன்படாது.

முடிவுரை

இம்முறைக்கு இரு வரம்புகள் உண்டு. முறையான மென்பொருள் புதுப்பித்தலும் அளவீட்டை மாற்றும் என்பதால், ஒவ்வாமை எல்லாம் தாக்குதல் ஆகாது. புதுப்பித்த பின் மறைபொருளை மீண்டும் முத்திரையிட வேண்டும். அன்றியும், முதல் அளவீட்டைச் செய்யும் நிரலே பொய்யுரைத்தால் சில்லு அப்பொய்யையே பதியும். அந்நிரல் எளிதில் மாற்ற இயலாததாக இருத்தல் இன்றியமையாதது. இம்முறை மாற்றத்தைத் தடுப்பதன்று, அறிவிப்பது. காரணம் அறியாமல் எண் ஒவ்வாதபோது கடவுச்சொல்லை இடாதிருக்கும் பயனரிடமே இதன் பயன் நிறைவுறுகிறது.