பங்கு விலை சரிந்தது. முதலாளியின் நாற்காலி ஆடியது!

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் தளவாய்புரம். நைட்டி தைப்பதில் பெயர் பெற்ற ஊர்.

அங்கே சிலர் கூடி ஒரு தையல் கம்பெனி தொடங்குவதாக வைத்துக் கொள்வோம். மொத்தம் 100 பங்கு. ஒரு பங்கு 1,000 ரூபாய். 51 பங்கு யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் அங்கே சட்டம். அதற்கு 51,000 ரூபாய் வேண்டும்.

திடீரென்று பங்கு விலை 400 ரூபாயாக இறங்கி விட்டது. இயந்திரங்கள் அப்படியே இருக்கின்றன. தையல்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் இப்போது 20,400 ரூபாயோடு ஒருவர் வந்தால் போதும். கம்பெனியே கை மாறி விடும்!

மருந்துக் கம்பெனிகளுக்கு இந்த ஆபத்து அதிகம். ஒரு புது மருந்து கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை செலவுதான். பணத்துக்காகப் புதுப் பங்குகளை விற்றால் முதலாளியின் பிடி தளரும். பங்குகளை ஈடு வைத்தால்? அதற்குச் சென்னையிலேயே ஓர் உதாரணம் உண்டு.

சென்னையில் நடந்தது

1992-ம் ஆண்டு ராகவேந்திர ராவ் என்பவர் தொடங்கிய கம்பெனி, ஆர்கிட். நோய்க் கிருமிகளைக் கொல்லும் மருந்துகளைத் தயாரித்து, வெளிநாடுகளுக்கும் அனுப்பியது. ராவ் தம் பங்குகளில் ஒரு பகுதியை ஈடு வைத்துக் கடன் வாங்கியிருந்தார்.

2008 மார்ச் மாதம் அமெரிக்காவில் பேர் ஸ்டேர்ன்ஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் நொடித்தது. அந்த அதிர்ச்சி இந்தியச் சந்தையையும் தாக்கியது. மார்ச் 17-ந் தேதி ஒரே நாளில் ஆர்கிட் பங்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது!

ஈடாக வைத்த நகையின் மதிப்பு குறைந்தால் கடன் கொடுத்தவர் சும்மா இருப்பாரா? ராவின் பங்குகள் சந்தையில் விற்கப்பட்டன. விற்க விற்க விலை மேலும் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து, ரான்பாக்சி என்ற பெரிய மருந்துக் கம்பெனியோடு தொடர்புடைய சோல்ரெக்ஸ் பங்குகளை வாங்கிக் குவித்தது. அதன் கையிருப்பு 15 சதவீதத்தை நெருங்கியது. அந்த எல்லையைத் தொட்டால், மற்றப் பங்குதாரர்களிடமும் விலை கூறி வாங்க முன்வர வேண்டும் என்பது அப்போதைய சட்டம்.

தலை தப்பியது!

கம்பெனி பறிபோகும் என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் ஏப்ரலில் இரு கம்பெனிகளும் சேர்ந்து தொழில் செய்ய ஒப்பந்தம் செய்து கொண்டன. ராவ் பதவியில் நீடித்தார்.

கடன் மட்டும் விடவில்லை. 2010-ல் ஊசி மருந்துத் தொழிலை அமெரிக்காவின் ஹோஸ்பிரா கம்பெனி 40 கோடி டாலருக்கு வாங்கியது. 2017-ல் ஆர்கிட் திவால் வழக்குக்குப் போயிற்று. 2020-ல் தானுகா லேபரட்டரீஸ் அதைக் கைப்பற்றியது.

இப்போது முதலாளிகள் ஈடு வைத்த பங்கின் கணக்கை வெளியிட வேண்டும். 2011-ல் வந்த விதிப்படி, 25 சதவீதத்தை எட்டுபவர் இன்னும் 26 சதவீதத்தை மற்றவர்களிடம் வாங்க முன்வர வேண்டும்.

பங்கு வாங்க நினைப்பவர்கள் விலையை மட்டும் பார்த்தால் போதாது. முதலாளி தம் பங்கில் எவ்வளவை ஈடு வைத்திருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். அடகுக் கடையில் இருக்கும் நகை, மீட்கும் வரை முழுதும் நம்முடையது அல்லவே!