சிக்னல் முழுசு, வேகம் மட்டும் இல்லை

பின்னறைக்கு வைஃபை எட்டவில்லை என்று ஒரு ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி) மாட்டுகிறீர்கள். போனில் சிக்னல் முழுசாகக் காட்டுகிறது. வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. பெட்டி பழுதா?

பெரும்பாலும் இல்லை. போன் காட்டுவது தனக்கும் ரிப்பீட்டருக்கும் இடையிலான நிலவரம் மட்டுமே. ரிப்பீட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே என்ன பாடு என்பது அதற்குத் தெரியாது. இரண்டு வழியில் எது மோசமோ, அதைத் தாண்டி வேகம் வராது.

சரி, அதிகபட்சம் எவ்வளவுதான் வரும்? நேர்வழி ஒன்றே என்றால் கணக்கு உண்டு. கொள்ளளவு (பிழையில்லாமல் அனுப்பக்கூடிய உச்ச வேகம்) என்பதை 1948-இல் கிளாட் ஷானன் வகுத்துத் தந்தார். நடுவில் ஒரு பெட்டி நுழைந்ததும் கணக்கு சிக்கலாகிறது. 1971-இல் வான் டெர் மியூலன் இதை ஆராயத் தொடங்கினார். 1979-இல் தாமஸ் கவரும் அப்பாஸ் எல் கமாலும் சில வகைகளுக்கு விடை கண்டார்கள். எல்லா வகைக்கும் பொருந்தும் சூத்திரம் இன்றுவரை இல்லை. இருப்பதோ ரவுட்டர், ரிப்பீட்டர், போன் என மூன்றே கருவி! எனக்கு இது தீராத வியப்பு.

பக்கத்து வீட்டு வைஃபையின் குறுக்கீடு? அனுப்புபவருக்கு அது முழுதும் முன்கூட்டியே தெரிந்தால் இழப்பே இல்லாமல் அனுப்பலாம் என்று 1983-இல் மாக்ஸ் கோஸ்டா ஒரு வகை வழிக்கு நிரூபித்தார். அழுக்குத் தாளில் கறை இருக்கும் இடம் பார்த்து எழுதுவதுபோல. ஆனால் ரவுட்டர் அறிந்ததை ரிப்பீட்டர் அறியாவிட்டால் அந்தச் சலுகை பொதுவாக முழுசாகக் கிடைக்காது. அதைச் சொல்லி அனுப்பவும் அதே வழியில்தான் இடம் எடுக்க வேண்டும். வீட்டிலோ குறுக்கீடு யாருக்குமே முன்கூட்டித் தெரிவதில்லை.

அப்படியானால் நீங்கள் என்ன செய்யலாம்? ரிப்பீட்டரைப் பின்னறையில் மாட்டாதீர்கள். சிக்னல் செத்த இடத்தில் அதற்கும் வாங்க ஒன்றுமில்லை. மாட்டப்போகும் பிளக் பாயின்ட் அருகே போனோடு நில்லுங்கள். ரவுட்டரின் வைஃபையிலேயே இணைத்து ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். அங்கே வரும் வேகத்துக்கு மேல் பின்னறையில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. குறைவாக இருந்தால் ரவுட்டர் பக்கமாக இன்னொரு பாயின்ட் பாருங்கள்.

வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்? 'டூயல் பேண்டா' என்று கேளுங்கள். ஒரே பேண்டில் ஓடும் பெட்டி ஒரே அலைவரிசையில் மாறி மாறிக் கேட்டும் பேசியும் ஆக வேண்டும். வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ரவுட்டரோடு 5 கிகாஹெர்ட்ஸிலும் போனோடு 2.4-லும் பேசக்கூடியது என்றால் இந்தத் தொல்லை குறையும். ரவுட்டரிலிருந்து அந்தப் பெட்டிவரை லேன் கேபிள் இழுக்க வழியிருந்தால், செலவைப் பார்க்காமல் இழுத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த முதல் பாதியில் குறுக்கீடு என்ற பேச்சுக்கே இடமிருக்காது.