ஓடுபாதை எண்ணை முழுமையாகச் சொல்வது ஏன் முக்கியம்?

சென்னை விமான நிலையத்தின் முதன்மை ஓடுபாதையில் ஒரு முனைக்கு 07, மறுமுனைக்கு 25 என்று பெயர். இரண்டும் திசையைக் குறிக்கும் எண்கள். காந்தத் திசைகாட்டி காட்டும் பாகையைப் பத்தால் வகுத்து முழு எண்ணாக்கினால் இவை கிடைக்கும். 07 என்றால் ஏறத்தாழ 70 பாகை, 25 என்றால் 250. இணையான பாதைகள் இருந்தால் லெஃப்ட், ரைட் என்பதும் சேரும். ஆகவே வானொலியில் எண்ணைத் தவறாகக் கேட்ட விமானி திசையையே தவறவிடுகிறார். 30ஐ ‘தர்ட்டி’ என்றால் இரைச்சலில் அது ‘தர்ட்டீன்’ என்று காதில் விழக்கூடும். அதனால்தான் ஐகாவோ எனப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, ஒவ்வோர் இலக்கத்தையும் தனித்தனியே உச்சரிக்கச் சொல்கிறது. 5ஐ ‘ஃபைஃப்’ என்றும் 9ஐ ‘நைனர்’ என்றும் சொல்வது, ஒன்று மற்றொன்றாகக் கேட்காமலிருக்கத்தான். புறப்படவோ தரையிறங்கவோ அனுமதி கிடைத்ததும் ‘ரோஜர்’ என்று முடித்துக்கொள்ளக் கூடாது. ஓடுபாதை எண்ணோடு அனுமதியைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

2006 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில், விடியுமுன் கிளம்பிய கோம்ஏர் 5191 விமானம் 22ஆம் ஓடுபாதைக்குச் செல்ல வேண்டியிருந்தது. அங்கே செல்லச் சொன்னபோது ‘டூ டூ’ என்பதை விமானி சரியாகத் திருப்பிச் சொன்னார். ஆனால் இறுதியான புறப்பாட்டு அனுமதியில் எண்ணே இல்லை. விமானியின் பதிலிலும் இல்லை. மிகக் குட்டையான 26ஆம் ஓடுபாதையில் ஓடிய விமானம் நொறுங்கி, 50 பேரில் 49 பேர் இறந்தனர். கண்முன் இருந்த அடையாளங்களை விமானிகள் கவனிக்கத் தவறியதையே விசாரணை காரணமாகக் கூறியது. எண்ணைச் சொல்லியிருந்தால் அனைவரும் பிழைத்திருப்பார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ‘டூ டூ’ என்று வாய்விட்டுச் சொல்லும்போது, திசைகாட்டியில் 220 இருக்கிறதா என்று பார்க்க ஒரு தூண்டுதல் கிடைத்திருக்கும்.

சரியாகச் சொல்லியும் விபத்து நடந்ததே என்று கேட்கலாம். 2000 அக்டோபர் 31 அன்று தைபேயில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 006 விமானிகள் ‘ஸீரோ ஃபைவ் லெஃப்ட்’ என்று பிழையின்றித் திருப்பிச் சொல்லிவிட்டு, கட்டுமானப் பணிக்காக மூடியிருந்த வலது பாதையில் ஓடினர். 83 பேர் இறந்தனர். இரு பாதைகளும் 05 என்பதால் திசைகாட்டி அங்கே உதவாது. பலகையையும் தரையில் எழுதியதையும் கண்ணால் சரிபார்ப்பதே வழி. எண்ணைத் தெளிவாகச் சொன்னால்தான் அப்படி ஒப்பிட ஓர் அளவுகோல் கிடைக்கும். பரபரப்பான அலைவரிசையில் நேரம் வீணாகும் என்பதும் வலுவான வாதமல்ல. ‘ட்வென்டி டூ’ என்பதைவிட ‘டூ டூ’ குறுகியது. தவறாகக் கேட்டு மறுபடி விசாரிப்பதற்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். எனவே விமானிகளும் கட்டுப்பாட்டு அலுவலர்களும் எத்தனை அவசரத்திலும் ஓடுபாதை எண்ணின் ஓர் இலக்கத்தைக்கூட விழுங்கக் கூடாது.